ஓர் எழுத்துப் பிழை காப்பாற்றிய 2 கோடி டொலர்

2016 பெப்ரவரியில் கொழும்பு பான் ஏசியா வங்கிக்கு 2 கோடி அமெரிக்க டொலர் வந்தது. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அதன் கணக்கிலிருந்து இங்குள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய காசு அது. 'பவுண்டேஷன்' என்ற சொல்லைப் பிழையாக எழுதிவிட்டார்கள். இடையில் இருந்த டொய்ச் வங்கி விளக்கம் கேட்டது. இவ்வளவு பெரிய தொகை இங்கே எதற்கு என்று கொழும்பிலும் சந்தேகம் வந்தது. காசு முழுவதும் திரும்பிப் போனது. அதே திருட்டில் மணிலாவுக்குப் போன 8 கோடியே 10 இலட்சம் டொலர் சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. மீட்கப்பட்டது சிறு பகுதிதான்.

கொழும்பில் யாரோ ஒருவர் நின்று யோசித்தார். இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் நின்று யோசிக்கும் அந்த இடைவெளியையே இல்லாமல் செய்யக்கூடியவை. மின்னஞ்சலை வாசித்து, பில்லைப் பார்த்து, வங்கிக் கணக்கிலிருந்து காசும் அனுப்பும் மென்பொருள்கள் இவை. இவற்றுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. வாசிக்கும் எழுத்தில் எது தகவல், எது கட்டளை என்று உறுதியாகப் பிரித்தறியத் தெரியாது. பில்லின் அடியில் 'இந்தக் கணக்குக்கு உடனே அனுப்பு' என்று எவராவது கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்தால், முதலாளி சொன்னதாக நினைத்து அனுப்பிவிடலாம். மலைநாட்டில் சிக்னல் அறுவது நமக்குப் பழகிய விஷயம். காசு அனுப்பும்போது நடுவில் இணைப்பு அறுந்தால், முகவர் அது போகவில்லை என்று நினைத்து இரண்டாம் முறையும் அனுப்பிவிடலாம்.

வலப்பனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நின்று பாருங்கள். சாக்கைத் தராசில் கொளுவியதும் ஒருவர் கிலோவை வாசிப்பார், கணக்கப்பிள்ளை பெயருக்கு நேரே எழுதுவார். கொழுந்து எடுத்த அக்கா தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். நிறுப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் அக்கா பார்க்கத்தான் செய்வார்.

முகவருக்கும் அதே ஏற்பாடு வேண்டும். கொடுப்பனவை அது தயாரிக்கட்டும். அனுப்பும் சாவி வேறோர் அமைப்பிடம் இருக்கட்டும். நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பை வங்கியே வைக்க வேண்டும். புதிய கணக்குக்குப் போகும் முதல் காசு சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் தனி இலக்கம் இருந்தால், அதே இலக்கத்தில் இரண்டாம் முறை வருவதை வங்கி தள்ளிவிடும். ஒப்புதல் கேட்கும் திரையில் கணக்கு இலக்கமும் தொகையும் வங்கியிலிருந்து நேராக வர வேண்டும். முகவர் சொல்லும் சுருக்கத்தை நம்பி அழுத்தக் கூடாது. ஐந்நூறு ரூபாய்க்கும் ஒப்புதல் கேட்டால் பத்தாவது தடவையில் எவரும் வாசிக்காமலே அழுத்துவார்கள். பெரிய தொகைக்கும் புதிய கணக்குக்கும் மட்டும் கேட்பதே நல்லது.

உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ நாளை இப்படியொரு முகவரைக் கொண்டுவந்தால், கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: தவறாகப் போகும் காசை யார், எத்தனை மணி நேரத்துக்குள் நிறுத்துவார்? பதில் எழுத்தில் வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.