சிலேட்டுக் கல்லில் கத்தி செய்த பனி நாட்டு மக்கள்

வட துருவத்தை ஒட்டி அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்து பகுதிகளில் வாழும் மக்களை 'எஸ்கிமோக்கள்' என்று பள்ளியில் படித்திருப்போம். கனடாவிலும் கிரீன்லாந்திலும் உள்ளவர்கள் அந்தப் பெயரை விரும்புவதில்லை. 'இனுயிட்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 'மக்கள்' என்பது அதன் பொருள்.

அங்கே மரம் அபூர்வம். விறகு இல்லாததால் உலை மூட்டி இரும்பு உருக்க வழியில்லை. ஆனால் கத்தி இல்லாமல் ஒரு நாளும் தள்ள முடியாது. கடல்நாயை அறுத்தால்தான் சாப்பாடு. அதன் தோலை அளவாக வெட்டித் தைத்தால்தான் உடுப்பு. உடுப்பில் குளிர் புகுந்தால், வேட்டைக்குப் போனவன் வீடு திரும்புவது சந்தேகம்தான்.

பெண்களின் கத்தி

அரை நிலா வடிவில் அலகு, அதன் மேலே கைப்பிடி. இதுதான் 'உலு' என்னும் பெண்களின் கத்தி. கையின் அழுத்தம் நேராக அலகின் நடுவில் இறங்கும். தோலின் உட்புறமாக வெட்டினால் மறுபுறத்து மயிர் சேதமாகாது. நம் வீட்டு அரிவாள்மணையில் கத்தி நிற்கும், காய் நகரும். இங்கே கத்திதான் நகரும்.

இதற்கு ஏற்ற கல் சிலேட்டு. ஆம், பிள்ளைகள் எழுதிப் பழகிய அதே சிலேட்டுதான்! அது தகடு தகடாகப் பிளக்கும். தகட்டின் இரு பக்கமும் மணற்கல்லால் அறுத்துக் காடி போடுவார்கள். பிறகு ஒடித்தால் காடியின் வழியே ஒடியும். ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, நீர் விட்டு மணற்கல்லில் தேய்ப்பார்கள். கடைசியில் நைசான சாணைக்கல்லில் கூர் ஏற்றுவார்கள். பொறுமை வேண்டிய வேலை.

துளை போட வில் துரப்பணம் உண்டு. அதன் மேல்முனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, வில்லை இழுத்துச் சுழற்றுவார்கள். துளையில் விலங்கின் தசைநாரைக் கோத்து, எலும்பு அல்லது மான்கொம்புப் பிடியோடு கட்டினால் கத்தி தயார்.

சிலேட்டு சீக்கிரம் மழுங்கும், கீழே விழுந்தால் உடையும். ஆனால் சாணையில் நாலு தேய்ப்பு தேய்த்தால் மீண்டும் வெட்டும்.

வானத்து இரும்பு

கிரீன்லாந்தின் வடமேற்கில் கேப் யார்க் பகுதி மக்களுக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம். அங்கே விண்ணிலிருந்து விழுந்த இரும்புக் கற்கள் கிடந்தன. வேறிடத்திலிருந்து கருங்கற்களைச் சுமந்து வந்து, அவற்றால் அடித்துச் சில்லுகள் பெயர்த்தார்கள். உலையில்லாமலே தட்டித் தட்டையாக்கி, எலும்புப் பிடியின் காடியில் வரிசையாகப் பதித்தார்கள். 1818இல் அங்கே சென்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸ் இந்தக் கத்திகளைக் கண்டு வியந்தார்.

அமெரிக்கர் ராபர்ட் பியரி, அவ்வூர்க்காரர் ஒருவர் வழிகாட்ட, 1894இல் அந்தக் கற்களைக் கண்டார். 'பெண்', 'நாய்' என்று அம்மக்கள் பெயரிட்டிருந்த இரண்டை 1895இல் கப்பலில் ஏற்றினார். 1897இல் சுமார் 31 டன் எடையுள்ள பெரிய கல்லும் போயிற்று. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அவை 40,000 டாலருக்கு விற்கப்பட்டன. அதற்குள் அம்மக்களுக்கு வெளியாரிடமிருந்து எஃகுக் கத்திகள் கிடைக்கத் தொடங்கியிருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குக் கத்தி தந்த கற்கள் அவை. இன்றும் நியூயார்க்கிலேயே இருக்கின்றன.

உலு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது அலகு எஃகு. பழைய மர ரம்பத்தை வெட்டியும் செய்துகொள்கிறார்கள். 1970இல் தொடங்கிய ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் வென்றவர்களுக்குக் கொடுக்கும் பதக்கமும் உலு வடிவம்தான்.