வடை வடிவத்தில் ஒரு நிலவறை

திரையில் சில வெள்ளைக் கோடுகள். நடுவில் ஒரு சிறு சதுரம், அதன் மூலைகளிலிருந்து ஓரங்களை நோக்கி விரியும் நான்கு சாய்கோடுகள். இதுதான் நடைவழி. ஒரு விசையைத் தட்டினால் ஆறு பேர் கொண்ட குழு ஒரு கட்டம் முன்னே போகும். இன்னொன்றைத் தட்டினால் சட்டென்று 90 பாகை திரும்பும். ஆப்பிள் II கணினிக்காக 1981-இல் வெளிவந்த ‘விசார்ட்ரி’ விளையாட்டு இப்படித்தான் இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதியது. பத்துத் தளம் ஆழமுள்ள நிலவறையின் அடியில் வெர்ட்னா என்ற மந்திரவாதி பதுங்கியிருக்கிறான். அவனை வீழ்த்தி ஒரு தாயத்தை மீட்டு வர வேண்டும். கதை அவ்வளவே. கதைக்காக யாரும் அதை விளையாடியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

விளையாட்டின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அது வரைபடம் தராது. கட்டம் போட்ட தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு நீங்களே வரைய வேண்டும். வரைபடம் பிசகினால் திரும்பும் வழி தெரியாது. குழு அழிந்தால் அந்த மரணம் உடனே வட்டில் பதிவாகிவிடும். புதிதாக ஒரு குழுவைத் திரட்டிக் கீழே அனுப்பி, விழுந்து கிடப்பவர்களைத் தேடி எடுத்து வரலாம்தான். ஆனால் எந்தக் கட்டத்தில் விழுந்தார்கள் என்பது உங்கள் தாளில் சரியாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தளமும் 20-க்கு 20, மொத்தம் 400 கட்டங்கள். ஒரு கட்டத்தின் ஒரு பக்கம் வெறும் வெளியாக இருக்கும், அல்லது சுவர், கதவு, மறைகதவு இவற்றில் ஒன்றாக இருக்கும். நான்கே நிலைகள் என்பதால் 2 பிட் போதும். நான்கு பக்கத்துக்கு 8 பிட், அதாவது ஒரு பைட். ஆக, ஒரு தளத்தின் சுவர்கள் முழுவதையும் கணக்குப்படி 400 பைட்டில் அடக்கிவிடலாம்.  48 கிலோபைட் நினைவகத்தோடு மல்லுக்கட்டியவர்களின் சிக்கனம் அது. திசைகள் நான்கு மட்டுமே என்பதால் முப்பரிமாணக் காட்சிக்கும் சைன், கொசைன் தேவையில்லை. குறித்த இடத்தில் கோட்டைப் போடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இந்தச் சிக்கனத்தில்தான் வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. சில கட்டங்களில் கால் வைத்தால், குழு சத்தமில்லாமல் வேறு திசைக்குத் திருப்பப்படும். எல்லா நடைவழியும் ஒரே மாதிரிக் கோடுகள்தானே? வடக்கே போவதாக நினைத்துக் கிழக்கே வரைந்துகொண்டிருப்பீர்கள். நிஜ உலகில் யாராவது நம்மைப் பிடித்துத் திருப்பினால் உட்காது சொல்லிவிடும். தலை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைக் குறிக்கவே மூளையில் தனி நரம்பணுக்கள் உண்டு. எலிகளில் 1980-களில் கண்டறியப்பட்டவை. அவை உட்காதின் சேதியைப் பெரிதும் நம்பியிருப்பவை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சேதி எங்கிருந்து வரும்?

இதையும் சமாளித்தவர்களை அடுத்த விசித்திரம் பிடித்துக்கொள்ளும். சுவர் அடைக்காத இடங்களில் கிழக்கு ஓரத்தைத் தாண்டினால் மேற்கு ஓரத்தில் வந்து நிற்பீர்கள். வடக்கைத் தாண்டினால் தெற்கில். தாளின் இட ஓரத்தை வல ஓரத்தோடு ஒட்டினால் குழாய் கிடைக்கும். அந்தக் குழாயின் இரு வாயையும் வளைத்து ஒட்டினால்? உளுந்து வடையின் மேற்பரப்பு. கணிதத்தில் டோரஸ் என்பார்கள். உள்ளே நடப்பவருக்கு வளைவு எதுவும் தெரியாது. நேராக 20 அடி நடந்தால் புறப்பட்ட கட்டம் மீண்டும் வரும். அதைப் புது இடம் என்று நம்பி, தாளோடு தாள் ஒட்டி முடிவில்லாமல் வரைந்துகொண்டே போகலாம்.

இதே வடிவம் நம் மண்டைக்குள்ளும் இருப்பதாகத் தெரிகிறது என்பதுதான் என்னை வியக்க வைத்த சங்கதி. 2005-இல் நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் எலி மூளையில் விநோதமான நரம்பணுக்களைக் கண்டார்கள். எலி தரையில் உலவும்போது, சம இடைவெளியில் அறுகோண ஒழுங்கில் அமைந்த புள்ளிகளில் மட்டும் அத்தகைய ஓர் அணு துடிக்கும். 2014-இல் இதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது; குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் துடிக்கும் ‘இட அணுக்களை’ 1971-இலேயே அறிவித்த ஜான் ஓ'கீஃப் அதைப் பகிர்ந்துகொண்டார். கணினியில் உருவாக்கிய வெளியில் மனிதர்களை உலவவிட்டுச் செய்த ஆய்விலும் இத்தகைய அணுக்களின் சாயல் 2010-இல் தெரிந்தது.

ஒரே இடைவெளி கொண்ட அணுக்கள் ஒரு தொகுதியாக இயங்குகின்றன. எலி அந்த இடைவெளி அளவு நடந்ததும் தொகுதி முழுவதும் பழைய நிலைக்கே திரும்புகிறது. இரண்டு திசைகளில் இப்படித் திரும்பி வருவது எதுவோ அது டோரஸ். பல அணுக்களை ஒரே சமயத்தில் பதிவுசெய்து, அவற்றின் துடிப்பு உண்மையிலேயே டோரஸ் மேல் அமைகிறது என்று ட்ரொண்ட்ஹைம் குழு 2022-இல் காட்டியது. எலி தூங்கும்போதும் அந்த வடிவம் கலையவில்லை.

விளையாட்டை எழுதியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை, ஒற்றுமை தற்செயல். ஆனாலும் இரண்டிலும் ஒரே தந்திரம்: சிறிய கட்டத்தாளை வைத்துப் பெரிய வெளியைச் சமாளிப்பது. அப்படியானால் ‘இது போன சுற்றில் பார்த்த இடமா, புது இடமா’ என்ற குழப்பம் மூளைக்கும் வர வேண்டுமே? வெவ்வேறு இடைவெளி கொண்ட பல தொகுதிகளைச் சேர்த்துப் படிப்பதால் அது தப்பிக்கிறது என்று கருதப்படுகிறது. 20 அடிக்கு ஒருமுறை சுற்றிவரும் தாள் ஒன்று, 27 அடிக்கு ஒருமுறை சுற்றிவரும் தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒருசேரப் பழைய நிலைக்கு வர 540 அடி நடக்க வேண்டும்.

விசார்ட்ரி குழுவுக்கு அந்த வசதி இல்லை. அவர்களிடம் இருப்பது ‘டுமாபிக்’ என்ற சின்ன மந்திரம். படிக்கட்டிலிருந்து கிழக்கே எத்தனை கட்டம், வடக்கே எத்தனை, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று சொல்லும். 2024-இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் பழைய நிரலின் மேலேயே கட்டி இந்த விளையாட்டைப் புதுப்பித்திருக்கிறது. அதில் வரைபடம் தானாகவே உருவாகும். அதைத் திறக்காமல், தாளும் பென்சிலுமாக முதல் தளத்தையாவது வரைந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அழிப்பான் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.