உரோம் நகர்ப் பார்னெசீனா மாளிகை

உரோம் நகரில் தைபர் ஆற்றின் வலக்கரையில் உள்ளது பார்னெசீனா மாளிகை. பெயரைக் கொண்டு அதனைப் பார்னெசே குடும்பத்தார் எடுப்பித்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. கட்டுவித்தவர் சியன்னா நகரத்து வணிகர் அகஸ்தீனோ கீஜி. இவர் தோல்பா மலைப் படிகாரச் சுரங்கங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியசுக்கே கடன் கொடுத்தவர். 1520இல் இவர் மறைந்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் மாளிகை பார்னெசே குடும்பத்தார் கைப்பட்டது. எனினும் வாங்கினோர் பெயரே நிலைத்துவிட்டது.

பால்தசாரே பெருட்சி என்னும் கலைஞர் வகுத்த அமைப்பின்படி 1506ஆம் ஆண்டளவிற் பணி தொடங்கிற்று. உரோம் நகரத்துச் செல்வர் மனைகள் பெரும்பாலும் நடுமுற்றத்தைச் சூழ்ந்து, தெருவை நோக்கி மூடி நிற்பன. இம்மாளிகையிலோ நடுமுற்றம் இல்லை. இரு சிறகுகள் முன்னோக்கி நீள, அவற்றிடையே ஐந்து வளைவுகளையுடைய திறந்த மண்டபம் தோட்டத்தை நோக்கி அமைந்தது. அதுவே அந்நாளைய தலைவாயில். 1518ஆம் ஆண்டளவில் இரபேலும் அவர்தம் மாணாக்கரும் அதன் விதானத்தை இலையும் கனியும் செறிந்த பந்தராகவே தீட்டினர். தோட்டம் வீட்டினுள்ளும் தொடர்கின்றது என்பது கருத்து. இன்று வளைவுகள் கண்ணாடியால் அடைபட்டிருத்தலின், அக்கருத்து எளிதிற் புலனாவதில்லை.

அடுத்த மண்டபத்துக்கு வருவோர் இரபேல் தீட்டிய கலத்தேயா என்னும் கடல்மகளின் ஓவியத்தையே காண்பர். ஆராய்ச்சியாளர் அண்ணாந்து நோக்குதல் வேண்டும். அவ்விதானத்திற் பெருட்சி தீட்டிய கோள்களும் இராசிகளும் வெறும் அணியல்ல. கீஜி பிறந்த வேளையின் வானநிலையாகும். அதனைக் கணித்த அறிஞர் 1466ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியைச் சுட்டினர். பின்னர்க் கிடைத்த சியன்னா நகரத் திருமுழுக்குப் பதிவேடு அவ்வாண்டு நவம்பர் 29 எனத் தெளிவாக்கிற்று. ஓவியம் கூறியதை ஏடு உறுதிசெய்தது என்க.

மேல்தளத்தில் மற்றொரு சான்று உளது. அங்குள்ள கூடத்தின் சுவர்களில், தூண்களும் அவற்றிடையே தோன்றும் நகரக் காட்சியும் மெய்போலத் தீட்டப்பெற்றுள்ளன. 1527இல் உரோமைச் சூறையாடிய படையினருள் ஒருவன், போப்பாண்டவரை ஓடச் செய்ததை எள்ளி, 1528 என ஆண்டும் குறித்து, அவ்வோவியத்தின்மீதே செர்மன் மொழியிற் கீறிவைத்தான். ஓவியத்துக்கு இது சிதைவே. வரலாற்றுக்கோ ஆண்டு பொறித்த சாசனம். புதுப்பித்தல் என்னும் பெயரால் இதனை அழியாது விட்டமை நன்று.

தோட்டத்துக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1870ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின் தைபர்க்குக் கரைச்சுவர் எழுப்பியபோது, ஆற்றோரப் பகுதி வெட்டி நீக்கப்பெற்றது. ஆற்றை நோக்கிய மாளிகை ஆற்றினின்று பிரிந்தது. அவ்வகழ்விலேயே, 1879இல், அகஸ்தஸ் காலத்து மாளிகை ஒன்று மண்ணடியில் வெளிப்பட்டது. அதன் சுவரோவியங்கள் பெயர்த்தெடுக்கப்பெற்று, இன்று அந்நகரின் மாசிமோ அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன.