‘ம’ மட்டும் வரவில்லை

கடற்கரை வீட்டு மேசைக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவது எப்படி?

போன ஆடி மாதம் ஒரு நாள் காலை, பாதி எழுதிய கட்டுரையில் ‘அம்மா’ என்று அடித்தேன். திரையில் ‘அஆ’ என்று வந்து நின்றது. மெதுவாக அழுத்தினேன், ஓங்கித் தட்டினேன், கவிழ்த்துப் போட்டு உதறினேன். ‘ம’ வரவில்லை. மறுநாள் பக்கத்திலிருந்த ‘ப’வும் ‘த’வும் சேர்ந்தே படுத்துவிட்டன. வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத 450 ரூபாய் கீபோர்டு.

எங்கள் வீடு பாம்பன் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில். எழுதும் மேசை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. தென்னைகளைத் தாண்டினால் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் துடைத்த மேசை மாலைக்குள் பிசுபிசுத்துவிடும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

கீபோர்டைக் கழற்றிப் பார்த்தேன். திருகாணிகளில் பாதி துருவேறி, தலை உதிர்ந்து வந்தன. உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றில் வெள்ளிப் பூச்சில் அச்சிட்ட மெல்லிய கோடுகள். ஓரத்தில் ஒரு கோடு நகத்தளவுக்குக் கறுத்து அறுந்திருந்தது. அந்தக் கோட்டை நம்பியிருந்த எழுத்துகள் எல்லாம் அதனோடு போய்விட்டன. கறுத்த இடத்தைச் சுரண்டினால் பூச்சே பெயர்ந்து வந்தது. தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நாம் வழக்கமாக வாங்கும் ‘மெம்பிரேன்’ கீபோர்டு இப்படிப்பட்டதுதான். ரப்பர் குமிழ்கள், கீழே தாள்கள். புதிதாக இருக்கும்போது குறையில்லை. ஓரிடத்தில் பழுது வந்தால் மொத்தமும் பழுது.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஸ்விட்ச்

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச். ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு ஸ்பிரிங், அழுத்தும்போது இறங்கும் ஒரு தண்டு, ஒன்றோடொன்று தொடும் இரண்டு உலோகத் தகடுகள். பொதுவாக விசை கீழே போவது 4 மில்லிமீட்டர். பாதி வழியில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை என்பதால் நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்கு விரல் வலி குறைகிறது.

இந்த வகை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. ரயில் முன்பதிவு கவுன்ட்டரிலும் வங்கியிலும் நின்றவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ‘டக் டக்’கென்று ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ கீபோர்டாக இருக்கும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல ஸ்விட்சுகளை வைத்துச் செய்தது. மெக்கானிக்கல் என்ற சொல்லே வீடுகளுக்குத் தெரியாத காலத்தில் அலுவலகங்களில் வருடக்கணக்காக அடி வாங்கி உழைத்தது. 2010-ல் தமிழரான உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை அரசு ஏற்ற பிறகு, அந்தக் குறியோடு ‘கோல்டு பாரத்’ வந்தது.

வெளிநாட்டு வகைகள் அப்போது எட்டாத விலையில் இருந்தன. செர்ரியின் ஸ்விட்ச் வடிவத்துக்கான காப்புரிமை 2014 வாக்கில் முடிந்தது. கெய்லா, கேட்ரான், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் ஸ்விட்ச் செய்து குவித்தன. அதனால்தான் இன்று 1,500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் வீட்டுக்குப் போதுமான மெக்கானிக்கல் கீபோர்டு கிடைக்கிறது. 4,000 ரூபாயைத் தொட்டால் வயர்லெஸ், விசையின் மேல் மாட்டும் நல்ல எழுத்துமூடி எல்லாம் சேர்ந்துவிடும்.

உப்புக்காற்று என்ன செய்யும்?

சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் சொல்லும் யோசனை நம் கரைக்கு அப்படியே பொருந்தாது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ‘சிக்ரி’, உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளப்பதற்கு எங்கள் ஊருக்கு அருகிலுள்ள மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. இந்தியாவில் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும் இடங்களில் மண்டபமும் ஒன்று.

அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு வந்து பொருள்கள் மேல் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புநீர்ப் படலம்தான் செம்பைப் பச்சையாக்குகிறது, இரும்பைச் சிவப்பாக்குகிறது, வெள்ளியைக் கறுக்கவைக்கிறது. மழையில் நனையாமலே வீட்டுக்குள் இருக்கும் பொருள் கெட்டுப்போவது இப்படித்தான்.

மெக்கானிக்கல் கீபோர்டும் இதிலிருந்து தப்ப முடியாது. ஸ்விட்சின் இடுக்கு வழியாக உப்பும் தூசியும் உள்ளே போகும். மெம்பிரேனைவிட இது உப்பைத் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: கெட்டதை மட்டும் கழற்றி எறிய முடியும்.

இதைப் பாம்பன்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் 145 கண்களால் ஆனது. 1964 டிசம்பர் புயலில் பெரும்பாலான கண்களின் இரும்பு உத்திரங்கள் கடலுக்குள் போயின. நம் மீனவர்கள் கடலடியில் உத்திரங்கள் கிடந்த இடத்தைக் காட்டினார்கள். அவற்றைத் தூக்கித் திரும்பப் பொருத்தி, பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார். ஒரே வார்ப்பாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அதன் பிறகும் 2022 டிசம்பர் வரை அதில் ரயில் ஓடியதென்றால், விடாமல் வண்ணம் அடித்ததும் தேய்ந்ததை மாற்றியதும்தான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பராமரிப்பு அதற்கும் உண்டு.

முதல் கேள்வி: ஸ்விட்ச் கழறுமா?

மலிவான மெக்கானிக்கல் கீபோர்டுகளில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்விட்சை ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். மற்றொன்றில் குழியில் செருகியிருப்பார்கள். இதற்கு ‘ஹாட் ஸ்வாப்’ என்று பெயர். விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். கடற்கரையில் இருப்பவர் அந்தச் சில நூறைக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

நான் ஹாட் ஸ்வாப் வகையில் ஒன்று வாங்கினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு அதிலும் ‘ம’ தகராறு செய்தது: ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழுந்தது. கூடவே வந்த கம்பி இடுக்கியால் எழுத்துமூடியை எடுத்தேன். ஸ்விட்சின் இரு பக்கத்தையும் அழுத்தி மேலே இழுத்தேன். அதன் செப்புக் கால்களில் ஒன்று பாசி நிறத்தில் இருந்தது. புது ஸ்விட்சின் இரண்டு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக் குழியில் வைத்து அழுத்தினேன். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. ஒரு நிமிட வேலை, சுமார் 25 ரூபாய் செலவு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மலிவான கீபோர்டுகளின் குழிகள் அவுட்டெமுவின் மெல்லிய கால்களை மட்டுமே ஏற்கும். வேறு ஸ்விட்சைத் திணித்தால் குழி கெட்டுவிடும். எந்த ஸ்விட்ச் பொருந்தும் என்று கேட்டுவிட்டு, அதே வகையில் பத்து ஸ்விட்சுகளைச் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

‘ஆப்டிகல்’ என்று இன்னொரு வகை இருக்கிறது. தகடுகள் தொடுவதற்குப் பதிலாக ஒளிக்கற்றை மறைபடும்போது எழுத்து பதிவாகும். தொடும் உலோகம் இல்லாததால் பச்சை பூக்கும் தொல்லை இல்லை. நம் ஊருக்கு நல்ல தேர்வு. ஆனால் மாற்று ஸ்விட்சும் அதே வகையில்தான் கிடைக்க வேண்டும்.

நீலமா, பழுப்பா, சிவப்பா?

நீல ஸ்விட்ச் ஒவ்வோர் அடிக்கும் ‘கிளிக்’ என்று சத்தம் போடும். பழுப்பு சத்தமில்லாமல் விரலுக்கு மட்டும் ஒரு சிறு தடையைக் காட்டும். சிவப்பு தடையே இல்லாமல் வழுக்கிப் போகும். அதற்கு 45 கிராம் அழுத்தம் போதும்.

தட்டச்சுப் பயிலகத்தில் இரும்பு மெஷினில் பழகி, ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்று அடித்துத் தேறியவர்களுக்கு நீலம் உடனே பிடித்துவிடும். ஆனால் ஒரே கூடத்தில் எல்லோரும் படுக்கும் வீட்டில், விடியுமுன் கடலுக்குப் போகிறவர் தூங்கும்போது, இரவு 10 மணிக்கு நீலத்தில் தட்டுவது நியாயமில்லை. அங்கே பழுப்பும் சிவப்பும்தான் சரி.

தமிழ் அடிப்பவர்களுக்கு

1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளும் 31 விசைகளில் அடங்கிவிடும். ‘அம்மா’வுக்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்.

இந்த முறையில் ந, ய, ச, ஞ, ழ ஐந்தும் ஆங்கில எழுத்துகளின்மேல் இல்லை. அரைப்புள்ளியில் ‘ந’, மேற்கோள் குறியில் ‘ய’, இரண்டு சதுர அடைப்புகளில் ‘ச’வும் ‘ஞ’வும், சாய்கோட்டில் ‘ழ’. இடத்தை மிச்சம்பிடிக்கும் சிறிய கீபோர்டுகளில் இந்தக் குறிகளை நகர்த்தியோ அம்புக்குறியோடு சேர்த்தோ வைப்பதுண்டு. ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அது பொருட்டில்லை. நமக்கு ‘தமிழ்’ என்று எழுதவே கை தடுமாறும். படத்தைப் பெரிதாக்கி இந்த ஐந்து விசைகளும் வழக்கமான இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வலப்பக்கத்து எண் விசைகள் இல்லாத 87 விசைக் கீபோர்டு வீட்டு மேசைக்குப் போதும். கடைக் கணக்குப் பார்ப்பவர் 104 விசை வாங்குவது நல்லது.

வாங்கிய பிறகு

வந்த அன்றே ஒவ்வொரு விசையையும் அடித்துப் பாருங்கள். மாற்றித் தருவதற்கான நாள் கணக்கு அன்றிலிருந்து ஓடுகிறது. வண்ண விளக்குகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்குப் ‘பி.பி.டி.’ பிளாஸ்டிக் எழுத்துமூடி கிடைத்தால் வாங்குங்கள். விரல்பட்டு எளிதில் வழவழத்துப் போகாது.

வேலை முடிந்ததும் துணியால் மூடிவையுங்கள். மாதம் ஒரு முறை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். எழுத்துமூடிகளைக் கழற்றிச் சோப்புநீரில் கழுவி நிழலில் காயவைக்கலாம். பலகையின் மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது. நம் போர் தண்ணீரே உப்பு. பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

தேர்வுக்குத் தயாராகும் பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரம் வந்து, “அண்ணே, ரெண்டாயிரம் சேத்து வச்சிருக்கேன், எத வாங்கட்டும்?” என்று கேட்டான். பிராண்டு பெயர் எதையும் நான் சொல்லவில்லை. என் கீபோர்டிலிருந்து ஒரு ஸ்விட்சைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, திரும்ப மாட்டச் சொன்னேன். முதல் தடவையிலேயே மாட்டிவிட்டான். “இப்புடிக் கழட்டி மாட்டுறதா பாத்து வாங்குடா தம்பி” என்றேன்.