கணக்கு நோட்டு கம்ப்யூட்டருக்குப் போகும்போது...



"கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அப்புறம் நோட்டு எதுக்குங்க மேடம்?" என்று சேத்தியாத்தோப்பு கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி.

முன்பெல்லாம் இணையப் பக்கம் சுவரொட்டி மாதிரி. பெரும்பாலும் படிக்க மட்டும்தான் முடியும். 2004-ல் ஜிமெயில், 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தபின், நாம் தட்டத் தட்ட வேண்டிய பகுதி மட்டும் உடனே மாறும் முறை பரவியது. சந்தா, கடன் தவணையைப் பதிந்தவுடன் மீதித் தொகை தெரிவது இதனால்தான். குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்ற, நபார்டு வங்கி 2015-ல் 'இ-சக்தி' திட்டத்தைத் தொடங்கியது.

இப்போது செயலி உருவாக்கும் கருவிகளும் எளிதாகி வருகின்றன. 2006-ல் வந்த 'ஸோகோ கிரியேட்டர்' போன்றவற்றில் அதிகம் நிரல் எழுதாமலே படிவம் அமைக்கலாம். சிக்னல் இல்லாவிட்டால் பதிவை போனிலேயே வைத்திருந்து, பிறகு அனுப்பும்படியும் செய்யலாம். படித்த நம்ம பிள்ளைகளே குழுவுக்கு ஒரு செயலி செய்து தரலாம். என்னென்ன வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. 500 ரூபாயை 5000 என்று பதிந்தால், கருவி அதையும் சரியாகவே கூட்டிக் காட்டும்! ஆகவே,

* பதிந்ததைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.
* நோட்டோடு ஒப்பிட்ட பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.
* போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

தப்பைக் கண்டுபிடிக்க நோட்டு வேண்டும். அதனால் நோட்டை மூடிவிடாதீர்கள். அது நம்ம காசு!