தொட்டிப்பாலத்துக்கு இருநூறு வரி பைத்தான்

குலசேகரத்தில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் ஒன்று மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் மேலே, வாய்க்கால் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குக் கடத்தும் கான்கிரீட் தொட்டி. 1966-இல் கட்டியது. நீளம் 1240 அடி, உயரம் 115 அடி, தூண்கள் 28. தொட்டி ஏழரை அடி அகலம், 7 அடி ஆழம்.

இதன் மேல் வரும் பாரத்தைக் கணக்குப் போட பைத்தானில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். இருநூறு வரிதான். உத்தரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் ஒரு அணியில் சேர்த்து, சமன்பாடுகளைத் தீர்க்கும். பெரிய மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் இதையேதான்.

தூணுக்குத் தூண் சராசரியாக 13 மீட்டர். தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் மீட்டருக்கு 4.9 டன் தண்ணீர். ஒரு கண்ணுக்கு 63 டன். (சொந்த எடையைச் சேர்க்கவில்லை, தண்ணீர் மட்டும்.) ஒவ்வொரு கண்ணும் தனித்தனி உத்தரம் என்று வைத்தால், நடுவில் வளைக்கும் பெண்டிங் மொமென்ட் சுமார் 1000 கிலோநியூட்டன் மீட்டர். கையால் போட்டாலும் இதே விடைதான்.

அடுத்து, தொட்டி முழுக்க ஒரே தொடர் உத்தரம் என்று மாற்றிப் பார்த்தேன். மாற்றியது உள்ளீட்டில் ஒரே ஒரு எண். இப்போது நடுக்கண்களில் பெரிய மொமென்ட் தூணுக்கு மேலே போய்விட்டது: அங்கே 670, கண்ணின் நடுவில் 330. அதோடு இழுவை கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கு மாறிவிட்டது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். அதனால் கம்பி எங்கே போடணும் என்பதே மாறிவிடும். ப்ரோகிராமுக்கு இரண்டுமே சரியான விடைதான்.

இதைவிட முக்கியமானது, அது பார்க்கவே பார்க்காத ஒன்று. என் ப்ரோகிராமுக்குத் தொட்டி என்பது ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் பக்கச் சுவரையும் வெளியே தள்ளுகிறதே? சுவரின் மேல்முனை எதிலும் பிடிக்காமல் நின்றால், அடியில் மீட்டருக்கு சுமார் 16 கிலோநியூட்டன் மீட்டர் வரும். அதற்கான தகைவு என் விடையில் எங்கேயும் இருக்காது.

ப்ரோகிராம் சின்னது என்பதால் வந்த குறை என்று நினைக்கவேண்டாம். 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. உலகமே நம்பிய நாஸ்ட்ரான் மென்பொருளில்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். சுவர்கள் சேரும் மூலையைப் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டியதில், வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்துவிட்டது. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில்.

இந்த விஷயம் தெரிந்ததும் ஊரில் ஒரு அண்ணன், "வீட்டு மேலே இன்னொரு மாடி எடுக்கலாமான்னு உன் ப்ரோகிராம்ல போட்டுச் சொல்லு" என்றார். தூணில் எத்தனை கம்பி, என்ன தடிமன், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். கட்டின கொத்தனாருக்குத்தான் தெரியுமாம். அவர் இப்போது சவூதியில். ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிட்டு, தூணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.