கூட்டத்துல காதைப் பொத்திக்கிற அந்தத் தம்பி... பழக வேண்டியது அவன் மட்டும்தானா?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் மனிதத் தலைகள். ஸ்பீக்கர் சத்தம், கடை விளக்குகள், தோளில் இடிக்கும் கூட்டம். நடுவில் ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கிட்டு நிற்கிறான். ‘என்ன தம்பி ஆச்சு?’னு கேட்டா பதில் இல்லை. நம்ம முகத்தைக்கூடப் பார்க்கலை. ‘பிள்ளையை எப்படி வளர்த்திருக்காங்க பாரு’னு முணுமுணுத்துட்டு நகர்ந்துடுவோம், இல்லையா?

அவன் ஆட்டிசம் உள்ளவனாக இருக்கலாம். ஆட்டிசம் நோய் அல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் இவர்களில் பலருக்குத் தாங்க முடியாத அளவுக்குத் தெரியும். முகபாவனை, கிண்டல், ஜாடைப் பேச்சு சட்டென்று பிடிபடாது.

பயிற்சி எதுக்கு?

நாம பார்த்துப் பார்த்தே கத்துக்கிறதை, அவங்களுக்குப் படிப்படியாகச் சொல்லித் தருவதுதான் சமூகத் திறன் பயிற்சி. அதில் ஒரு வழி ‘சோஷியல் ஸ்டோரி’. அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே உருவாக்கியது. கிரிவலத்துக்கு முன்னாடியே படம் போட்டுச் சொல்லலாம்: ‘கூட்டம் இருக்கும். சத்தம் கஷ்டமா இருந்தா இந்த கார்டைக் காட்டலாம். அப்பா ஓரமாக் கூட்டிட்டுப் போவார்.’

தொலைந்துபோனா யாரிடம் கேட்பது, யாராவது தப்பாகத் தொட்டா ‘வேண்டாம்’னு எப்படிச் சொல்வது... இதெல்லாம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அதனால்தான் இந்தப் பயிற்சி முக்கியம்.

ஆனா, ‘கண்ணைப் பார்த்துப் பேசு’, ‘கையை ஆட்டாதே’னு அதட்டி ‘நார்மலா’ நடிக்கவைப்பது பயிற்சி ஆகாது. அப்படி மறைச்சு மறைச்சு வாழ்வது கடுமையான சோர்வையும் மனஅழுத்தத்தையும் தரலாம் என்கின்றன ஆய்வுகள்.

நமக்கும் பாடம் இருக்கு

ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு விஷயம் சொன்னார்: அவங்களுக்கு நம்மைப் புரியாதது போலவே, நமக்கும் அவங்களைப் புரிவதில்லை. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லவைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த குழு, மற்றவர்கள் குழுவுக்குச் சமமாகக் கதையைக் கடத்தியது. இருதரப்பும் கலந்த குழுவில்தான் கதை அதிகம் தேய்ந்துபோனது!

அதனால, நாம பழகிக்க வேண்டியவை:

* ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதிலுக்குப் பொறுமையா காத்திருங்க.
* ‘அப்புறம் பார்க்கலாம்’ வேண்டாம். ‘ஞாயிறு 5 மணிக்கு’னு தெளிவாச் சொல்லுங்க.
* கேட்காமல் தொடாதீங்க.
* கண்ணைப் பார்க்கலைன்னா, கவனிக்கலைன்னு முடிவு பண்ணாதீங்க.

உதவி எங்கே?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அடையாள அட்டை, உதவிகள் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமும் இருக்கு.

அடுத்த பௌர்ணமியில் அந்தத் தம்பியைப் பார்த்தா, கேள்விமேல் கேள்வி கேட்காதீங்க. கூட்டத்தை விலக்கி, ஓரமாகக் கொஞ்சம் இடம் பிடிச்சுக் கொடுங்க. அது போதும்.